விளக்கெண்ணெயில் ஒரு நீச்சல் போட்டி

போன வெள்ளிக்கிழமை நேரு வீதி எண்ணெய்க் கடையில் போய் நின்று, "அஞ்சு லிட்டர் விளக்கெண்ணெய் குடுங்க" என்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார்.

"என்னா சார், தெருவுக்கே பேதி குடுக்கப் போறீங்களா?"

"இல்லீங்க. நீச்சல் போட்டி."

எண்ணெயை அளந்து ஊற்றிக் கொடுத்தார். நான் ஸ்கூட்டரில் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகள் நித்யா. பிரான்சில், லியோனில் ஆராய்ச்சி செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு போன் அடிக்கும். நான் மத்தியானத்திலிருந்தே அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் — பேப்பர் படிக்கிற மாதிரி. ரிசீவரை எடுத்தால்...

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்பா. நீங்க?"

"ஆச்சு. அங்க குளிரா?"

"குளுருதான். அங்க?"

"வெயிலு. இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

அவ்வளவுதான். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். ஊருக்கெல்லாம் பத்திரிகையில் வாராவாரம் ஒரு பக்கம் எழுதுகிறவனுக்கு, பெற்ற பெண்ணிடம் பேச நாலு வரி கிடைக்காதா? கிடைக்கவில்லையே!

அதனால் முந்தின ஞாயிறு தைரியமாகக் கேட்டுவிட்டேன். "அப்டி என்னாதாம்மா படிக்கிற அங்க?"

"கிருமிங்க எப்டி நீந்துதுன்னுப்பா." குரலில் ஒரு துள்ளல். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! "அதுங்க ரொம்ப ரொம்பச் சின்னது. தண்ணியே அதுங்களுக்குத் தேன் மாதிரி கெட்டி. வாலைச் சும்மா அப்டியும் இப்டியும் ஆட்டுனா, போன தூரம் திரும்பி வந்துடும். ஸ்க்ரூ மாதிரி சுத்துனாதான் முன்னாடி போவும்."

"வாலை ஆட்டுனா நகராதா? சும்மா கதை வுடாத."

"நம்பலன்னா நீங்களே செஞ்சு பாருங்களேன்" என்று சிரித்தாள். அதற்குள் அவளுடைய போன் கார்டு தீர்ந்துவிட்டது.

எனக்கும் பிசிக்ஸுக்கும் பள்ளிக்கூடத்திலேயே பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. இருந்தாலும் மகள் சொல்லிவிட்டாளே! பரணிலிருந்து அவளுடைய பழைய மீன் தொட்டியை இறக்கித் துடைத்தேன். அவள் சொன்ன தேனுக்குப் பதிலாக விளக்கெண்ணெயை ஊற்றினேன்.

முதல் போட்டியாளர், சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பிளாஸ்டிக் மீன். சாவி கொடுத்தால் வால் ஆட்டும். வாளித் தண்ணீரில் சர்ரென்று ஓடிய வீரன், எண்ணெயில் வாலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம்... அதே இடம். முகத்தில் மட்டும் அப்படியொரு தீவிரம்.

இரண்டாவது, என் சொந்தத் தயாரிப்பு. ஒரு பிலிம் ரோல் டப்பா, உள்ளே முறுக்கிய ரப்பர் பேண்ட், பின்னால் வாலாக, பென்சிலில் சுற்றி எடுத்த கம்பிச் சுருள். விட்டேன். சுருள் சுற்றியது. டப்பா மெதுவாக... ரொம்ப மெதுவாக... எதிர்க் கண்ணாடியைப் பார்த்துக் கிளம்பியது!

"சரோஜா! சீக்கிரம் வா!"

என் மனைவி வந்து பார்த்தாள். "ரிடையர் ஆனவங்க கோயில் கொளம்னு போவாங்க. நீங்க என்னான்னா டப்பாவுக்கு நீச்சல் கத்துக் குடுத்துக்கிட்டு..." சட்டென்று நிறுத்தினாள். "அவ தொட்டிதான இது?"

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். முறுக்கு தீர்ந்ததும் டப்பா அங்கேயே நின்றது. தண்ணீரில் போல இன்னும் கொஞ்சம் மிதந்து போகிற பேச்சே இல்லை.

"இன்னொருவாட்டி வுடுங்க" என்றாள்.

அந்த பிளாஸ்டிக் மீனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சாப்டியா, சாப்டேன், நீங்க, ஆச்சு... நான்தான்! கடல் தாண்டியிருக்கிற பெண்ணிடம் இத்தனை நாளாக வாலை ஆட்டிவிட்டு, ஏன் நகரவில்லை என்று ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பெரும்பாலான அப்பாக்கள் இந்த ஜாதி மீன்தான் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு போன் அடித்தது. "சாப்டியா" வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அய்யோ அப்பா! நெஜமாவா? வெளக்கெண்ணெயிலயா?" அவள் கத்தியது சமையலறைவரை கேட்டிருக்கும். கம்பி என்ன தடிமன், சுருள் எவ்வளவு நெருக்கம், மீன் கொஞ்சம்கூட நகரலியா... கேள்விமேல் கேள்வி. என் பெண் லியோனில் இல்லை, அடுத்த அறையில் இருந்தாள்.

"இன்னும் ஒண்ணுப்பா. வால் சுத்தும்போது டப்பாவும் சுத்தியிருக்கணுமே. எந்தப் பக்கம் சுத்துச்சு?"

"அடடா... அதைக் கவனிக்கலியேம்மா."

"போங்கப்பா! அதான் முக்கியம். மறுபடி செஞ்சு பாத்து, அடுத்த வாரம் கட்டாயம் சொல்லணும், சரியா?"

இந்தப் பத்திரிகை லியோனுக்குப் போவதில்லை என்கிற தைரியத்தில் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். டப்பா எதிர்ப் பக்கம்தான் சுற்றியது, நன்றாகவே பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏதாவது கைவசம் வேண்டாமா?