மத்திய அலையில் விடுபட்ட பெயர்

1. ட்ரான்ஸ்மிற்றர் படுத்த நாள்

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானச் செய்தியை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வானொலி காற்றிலிருந்து காணாமல் போனது. எனக்கு அது தெரியாது. ஹெட்போன் போட்டவனுக்குத் தன் குரல் எப்போதும் நன்றாகத்தான் கேட்கும். கீழே போன் கடை வைத்திருந்தவர் படியேறி வந்து, "அண்ணை, வெறும் இரைச்சல்தான் வருது. ஆருக்கு வாசிக்கிறியள்?" என்று கேட்ட பிறகுதான் விளங்கியது.

எங்கள் ஸ்ரூடியோ பாரிசில், ரூ லூயி-பிளாங் தெருவில் இரண்டாம் மாடியில் இருந்தது. ட்ரான்ஸ்மிற்றரும், அன்ரெனாவான மாஸ்ட் கம்பமும் புறநகர் ஒபர்வில்லியேயில், ஒரு மொத்த வியாபாரக் கிடங்கின் பின்வளவில். பாரிசில் எஃப்.எம். அலைவரிசை கிடைப்பது குதிரைக்கொம்பு. யாரும் வேண்டாமென்று விட்ட மத்திய அலை, அந்த ஏ.எம்.தான் எங்களுக்குக் கிடைத்தது. பிரிட்ஜ் மோட்டார் ஓடினால் இரையும், நியோன் லைட்டைப் போட்டால் இரையும். அப்படியும் சனம் கேட்டது. 2009 இல் போர் முடிந்த பிறகு செய்தி கேட்கிறவர்கள் குறைந்தார்கள். காலை மரண அறிவித்தல் கேட்கிறவர்கள் குறையவே இல்லை.

மெத்ரோ ரயிலில் ஒபர்வில்லியேக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். மாஸ்ட்டைச் சுற்றி நிலத்துக்குள் செப்புக் கம்பிகளைப் புதைத்திருந்தோம். அதுதான் எர்த். ஏ.எம்.முக்கு எர்த் இல்லையென்றால் பாதி அன்ரெனா இல்லை. வளவைக் கிண்டிக் கம்பியை உருவிக்கொண்டு போயிருந்தார்கள். ட்ரான்ஸ்மிற்றர் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டது. அதற்காவது புத்தி இருந்தது.

எங்கள் பொறுப்பாளர் தேவன் அண்ணை அலட்டிக்கொள்ளவில்லை. "திருத்துற கொம்பனிக்காரன் அடுத்த கிழமைதான் வருவானாம். இன்ரநெற்றில போகுதுதானே, விடு" என்றார். நானும் விட்டிருப்பேன், மறுநாள் இராசமலர் அக்கா வராமல் இருந்திருந்தால்.

2. "ஊரறிய விட்டது"

அவருடைய கணவர் சிவபாலன் இறந்த அறிவித்தலை முதல்நாள் காலையில் நான்தான் இரண்டு தரம் வாசித்திருந்தேன். எங்கள் அறிவித்தலின் அமைப்பு எல்லோருக்கும் தெரியும். பிறந்த ஊர், வதிவிடம், பிறகு இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை, இன்னார் இன்னாரின் சகோதரர். அதில் ஒரு பெயர் வந்தால் அது அழைப்பு. வராவிட்டால் அந்தச் செத்த வீட்டு வாசலை மிதிக்கிற ஆள் எங்களுக்குள் அநேகமாக இல்லை. ரோசக்காரர்கள் நாங்கள்.

வெள்ளைச் சேலையோடு படியேறி வந்த அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"தம்பி, என்ர மனுசன்ர தம்பி குணபாலன்ர பேர் வரேல்லை."

"மகன் தந்ததைத்தான் அக்கா வாசிச்சனான்."

"தெரியும். சித்தப்பனோட ஊரிலை இருக்கிற காணிச் சண்டையை அவன் செத்த வீட்டுக்கும் கொண்டு வந்திட்டான். அண்ணனும் தம்பியும் இஞ்சை வந்து ஒரே அறையில இருந்து, றெஸ்ரோறன்ரில கோப்பை கழுவின ஆக்கள். நாளைக் காலமை பேரோட திருப்பி வாசியுங்கோ. வெள்ளிக்கிழமை பிரேதம் எடுக்கினம்."

தேவன் அண்ணை இடையில் புகுந்தார். "அக்கா, குடும்பச் சண்டைக்குள்ள றேடியோவை இழுக்காதேங்கோ. மகன் நாளைக்கு எங்களோட சண்டைக்கு வருவார்."

"அவனோட நான் கதைக்கிறன். செத்தது என்ர மனுசன்."

அண்ணை தன் மேசைக்குத் திரும்பினார். நான்தான் கேட்டேன், "நீங்கள் ஒரு போன் எடுத்துச் சொல்லலாமே அக்கா?"

"ஊரறிய விட்டதுக்கு ரகசியமாக் கூப்பிட்டா அந்த மனுசன் வருமோ? நான் வரமாட்டன், நீங்கள் வருவியளோ?"

நானும் வரமாட்டேன். ஆனால் குணபாலனிடம் இன்ரநெற் இல்லை. பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் தனியாக இருக்கிறார், சமைக்கிற குசினியில் ஒரு பழைய றேடியோ, காலைத் தேத்தண்ணியோடு மரண அறிவித்தல், அவ்வளவுதான் என்று அக்கா சொன்னார். ஏ.எம். இல்லாமல் நான் எத்தனை தரம் வாசித்தாலும் அவர் காதில் விழாது. எனக்கு எரிச்சல் வந்தது. செப்புக் கம்பி களவெடுத்தவன் மேலும், அடுத்த கிழமைக் கொம்பனிக்காரன் மேலும்.

"நாளைக் காலமை அவருக்குக் கேக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படியென்று யோசித்தேன்.

3. கோழிக்கூட்டு வலை

வாங்கிப் புதைக்கச் செப்புக் கம்பியும் இல்லை, நேரமும் இல்லை. நிலத்தின் மேல் இரும்பு வலை விரித்தாலும் தற்காலிக எர்த்தாக நிற்கும். ஒபர்வில்லியேயில் கட்டடச் சாமான் விற்கிற கடையில் கோழிக்கூட்டுக்கு அடிக்கிற வலை சுருள் சுருளாக இருந்தது. கடைக்காரன் எத்தனை கோழி வளர்க்கிறாய் என்று கேட்டான். ஒரேயொரு கோழிதான், காலையில் கூவ வேண்டும் என்றேன்.

மழை. வலையை விரிக்க விரிக்க அது திரும்பச் சுருண்டது. கல் வைத்து அமத்தினேன். தேவன் அண்ணை குடையோடு வந்து சேர்ந்தார். குடை எனக்கில்லை, ட்ரான்ஸ்மிற்றர் பெட்டிக்கு. "விசரன்" என்று என்னைத் திட்டிக்கொண்டே வலையின் மற்றப் பக்கத்தை இழுத்துப் பிடித்தார். கோட்டும் சப்பாத்தும் சேறு.

மாஸ்ட்டின் அடியில் மிஞ்சியிருந்த செப்புத் துண்டுகளோடு வலையைச் சேர்த்து கிளாம்ப் போட்டு இறுக்கினோம். மெஷினைப் போட்டதும், அன்ரெனாவிலிருந்து திரும்பி வருகிற பவரைக் காட்டும் முள் ஏறியது, மெஷின் நின்றுவிட்டது. இன்னும் வலை விரித்தோம், திரும்பவும் நின்றது. பவரைப் பாதியாகக் குறைத்துப் போட்டபோது முள் கீழேயே கிடந்தது, மெஷின் நிற்காமல் ஓடியது. அண்ணை குடையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்.

பாதிப் பவர் ஆர்ஜொந்தெய்க்குப் போகுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் எனக்குக் கணக்கை விடக் காதில் நம்பிக்கை. கை றேடியோவை எடுத்துக்கொண்டு சேன்-லசார் நிலையத்தில் ரயில் ஏறினேன். ரயிலுக்குள் ஒரே கரகரப்பு. ஆர்ஜொந்தெய்யில் இறங்கி, தொடர்மாடிகள் வரை நடந்தேன். இரைச்சலுக்குப் பின்னால் எங்கள் வானொலியின் நாதஸ்வரமும் பிறகு பேச்சும் கேட்டன. தெளிவில்லை, ஆனால் சொல் விளங்கும். அங்கேயே நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். அந்தச் சந்தோசத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை வாசித்தேன். "குணபாலன், ஆர்ஜொந்தெய், அவர்களின் பாசமிகு சகோதரரும் ஆவார்." அந்த வரியில் அவசரப்படவில்லை.

4. கேட்டுவிட்டு வாசியுங்கள்

அறிவித்தல் வாசிக்கிற செத்த வீட்டுக்கெல்லாம் நான் போவதில்லை. போனால் வேறு வேலை பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமை போனேன்.

சனம் வந்து முடிந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் மெலிந்த ஒருவர் வாசலில் வந்து நின்றார். இராசமலர் அக்கா எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்ற மகன் நிலத்தைப் பார்த்தான், பிறகு விலகி இடம் விட்டான். குணபாலன் அண்ணனின் முகத்தைத் தொட்டுத் தொட்டு அழுதார். நானும் அழுதேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அவர் என்னிடம் வந்தார். குரலை வைத்து அடையாளம் பிடித்திருக்க வேண்டும்.

"நேற்று வாசிச்சது நீங்களோ?"

"ஓம் அண்ணை."

"செவ்வாய்க்கிழமையும் நீங்கள்தான் வாசிச்சது."

"ஓம்."

"அண்டைக்கு ரெண்டு தரம் வாசிச்சனீங்கள். முதல்தரம் என்ர பேர் வரேல்லை. ரெண்டாந்தரம் வருமெண்டு றேடியோவுக்குக் கிட்ட கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தனான்."



ஏ.எம். இப்போது இல்லை. வானொலி கைபேசிக்குள் போய்விட்டது, அறிவித்தல்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வந்ததை அப்படியே வாசிக்காதீர்கள். தந்தவருக்குப் போன் எடுத்து, "ஆரையும் விட்டிட்டீங்களோ?" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நான் ஒருநாளும் கேட்காமல் வாசித்ததில்லை. சிலர் ஏசுவார்கள், "உமக்கென்ன" என்று போனை வைப்பார்கள். சிலர் ஒரு பெயரைச் சொல்வார்கள்.