கதவு திறக்கும்போது வரும் சூடு

றஞ்சி அன்ரி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பள்ளியால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே கதிரையில் இருந்துவிட்டார். சோறு கொதித்த ஆவி சமையலறை யன்னலை மூடியிருந்தது. வெளியே பனி விழுகிறதா என்று கூடத் தெரியாத அந்த வெள்ளையைப் பார்த்தபடி நின்றேன். நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டதாம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு, அன்ரியை அறிந்தவர்கள் எழுதித் தரலாம் என்று அவருடைய கணவர், எங்கள் அங்கிள், சொல்லியிருக்கிறார். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. எல்லோரும் படுத்தபின் போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். காலடிச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது.

பயத்துக்குக் காரணம் உண்டு. செத்தவீட்டில் ஒருவர், "அந்தச் சவுனாச் சூட்டுக்கை இருந்துபோட்டு ஐஸ் தண்ணிக்கை இறங்கினா நெஞ்சு தாங்குமே?" என்று கேட்டார். அங்கிள் தலையை நிமிர்த்தவில்லை. "நான் மறிச்சிருக்கவேணும்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, நான் அன்ரியோடு சவுனாவுக்குப் போய்வந்ததை ஒருவரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார். ஆண்களும் பெண்களும் நீச்சலுடையோடு ஒன்றாக இருந்து ஆவி பிடிக்கும் சூட்டறை அது. சனம் என்ன கதைக்கும் என்பது அம்மாவின் கவலை.

அன்ரிக்கு அந்தப் பழக்கம் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் வந்தது. கல்யாணத்துக்கு முன் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வேலை முடிந்தால் விரல்கள் தன்னுடையவை போலவே இராது என்பார். விடுதியின் கீழ்த்தளத்தில் சூடான கற்கள் அடுக்கிய மர அறை ஒன்று இருந்தது. சனிக்கிழமை பெண்களின் முறை. ஊரில் பெண்கள் வெள்ளிக்கிழமை முழுகுவார்கள், இங்கே சனியாக்கும் என்று நினைத்து, அன்ரி உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் பூசி, பாவாடையைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டு உள்ளே போய் இருந்தாராம். சூட்டில் எண்ணெய் வழிந்து, பக்கத்தில் இருந்த பின்லாந்துக்காரி மேல் வாங்குப் பலகையிலிருந்து வழுக்கிக் கீழ்ப் பலகைக்கு வந்து சேர்ந்தாராம். பிறகு இருவரும் சேர்ந்து பலகைகளைத் தேய்த்தார்கள். "அவ பேசிப் பேசித் தேய்ச்சா. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. அதாலைதான் சிநேகிதமானம்" என்று அன்ரி சொல்லிச் சிரிப்பார்.

ஒஸ்லோவில், துறைமுகத்தில் மிதக்கும் சவுனாவுக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நான்தான் பின்னால் போனேன். வகுப்பில் கை உயர்த்தவே பயப்படுகிறவள் நான். அந்த அறைக்குள் மட்டும் பயம் எங்கோ கரைந்துவிடும். அன்ரி ஓர் அகப்பை தண்ணீரைக் கற்களில் வார்ப்பார். கற்கள் நீளமாக மூச்சுவிடும். ஆவி மேலே போய், கொஞ்சம் யோசித்துவிட்டு, தோளில் வந்து இறங்கும். யன்னலுக்கு அப்பால் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். எங்கே மிதக்கிறோம் என்பது மறந்துபோகும். ஒருமுறை ஒரு நோர்வேக்காரர், இந்தச் சூட்டை எப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்டார். நான் பிறந்த இடத்தில் இதற்குப் பெயர் மத்தியானம் என்றார் அன்ரி. மரச்சுவர் அதிரச் சிரித்தார்கள்.

அங்கிள், உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இலையுதிர்காலத்தில், இனிச் சவுனா வேண்டாம் என்று வைத்தியர் சொன்ன பிறகும் அன்ரி துவாயோடு வெளிக்கிட்டதைக் கண்டீர்கள். மறிக்கவில்லை என்று இப்போது உங்களையே வருத்திக்கொள்கிறீர்கள். அந்தத் துவாய் எனக்கு. அன்ரி அதன்பிறகு ஒருநாளும் சூட்டறைக்குள் வரவில்லை, தண்ணீரில் இறங்கவுமில்லை. தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே மரத்தட்டிலேயே இருந்தார். "நீ போ பிள்ளை. கதவு திறக்கேக்கை வாற சூடு எனக்குக் காணும்" என்றார். ஒவ்வொருவராகப் போய்வர, அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். ஆவி கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போகும்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த முகத்தைத்தான். அதைக் கண்டவள் நான் ஒருத்திதான். பெயர் போடாமல் தந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதனால் போடுகிறேன்.

அபிநயா
எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ