இடது கைக்கு ஒரு ஹோல்டர்

"கண்ண மூடிக்கிட்டு, தூண்டில் கம்ப வைக்கிற மாதிரி கைய நீட்டுங்க."

படகில் உட்கார்ந்திருந்த தபால்காரர் நீட்டினார். விரல்கள் படகின் விளிம்பில் விழுந்த இடத்தில், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டார் ஓட்டைக்காரர். படகுத்துறையில் இவருக்கு அதுதான் பெயர். டேப் பிடித்து அளக்க மாட்டார். "டேப்புக்கு நீளந்தான் தெரியும். உங்க கை பழக்கம் தெரியுமா?" என்பார்.

சிறு படகுகளில் தூண்டில் கம்பைச் செருகி வைக்கும் ஹோல்டர்களைக் கூடுதலாகப் பொருத்துவது அவர் தொழில். துளை போடுமுன் விளிம்புக்கு அடியில் கையை விட்டு, ஒயர் ஓடுகிறதா என்று தடவுவார். பிறகு துளையை ஊதி, பசையைப் பிதுக்கி, ரப்பர் வாஷர் வைத்து முடுக்குவார். எல்லாம் முடிந்ததும் படகைப் பார்த்து "வலிச்சுதா?" என்று கேட்பார். வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான் முதல் முறை சிரித்துவிட்டேன். பதிலுக்காக அவர் கொஞ்சம் காத்திருந்ததைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். இவருடைய சொந்தப் படகில் இருந்தது ஒரே ஒரு ஹோல்டர், வலப்பக்கம், தனக்கு. கூடவே வரும் மச்சான், மனைவியின் தம்பி, இடது கைக்காரன். "மாமா, எனக்கும் ஒண்ணு போடுங்க" என்று இரண்டு வருடம் கேட்டான். இவரும் இரண்டு வருடம் "நாளைக்கு" என்றார். போன மழைக்காலத்தில், அவன் முழங்கால் இடுக்கில் வைத்திருந்த கம்பை எதுவோ இழுத்தது. பிடிக்க எழுந்தவன் தண்ணீருக்குள் போய்விட்டான். கம்பு மட்டும் கிடைத்தது.

"ஊர்ல எல்லாருக்கும் போட்டீங்க. அவனுக்கும் ஒண்ணு போட்டுட்டு அப்புறம் எங்கிட்ட பேசுங்க" என்றாராம் மனைவி. ஏழு மாதமாக வேளாவேளைக்குச் சோறு வருகிறது, பேச்சு வரவில்லை. துளை போட அவர் தயார்தான். எங்கே போடுவது? அளவு கொடுக்க ஆள் இல்லையே.

"சார், நீங்களும் அவன் உயரந்தான். கொஞ்சம் உக்காருங்களேன்."

அந்தப் படகு ஏழு மாதமாகக் கொட்டகையில், கட்டைகளின் மேல் காய்ந்து கிடந்தது. குறுக்குப் பலகையில் மச்சானின் பக்கம் உட்கார்ந்து, கண்ணை மூடி, இடது கையை நீட்டினேன். நான் நினைத்த இடத்தைத் தாண்டி, பின்னால் போய் விழுந்தது கை. விரல்கள் சில்லிட்டன. கண்ணைத் திறந்தேன். விளிம்பு முழுக்கத் தூசி. என் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவன் எப்பவும் பின்னாடி சாச்சுத்தான் வைப்பான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குறி போட்டார். துளையிட்டு, முடுக்கி முடித்து, "வலிச்சுதா?" என்று கேட்டபோது அவர் படகைப் பார்க்கவில்லை. நான் இருந்த பக்கம் பார்த்தார். நான் அவசரமாக இறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை படகு தண்ணீருக்குப் போனது. தம்பியின் கம்பை மனைவியே கொண்டுவந்து புது ஹோல்டரில் செருகினார். ஓட்டைக்காரர் ஏறி, பலகையின் வலது ஓரமாகத் தன் இடத்தில் உட்கார்ந்தார். ஓராள் அப்படி ஓரமாக உட்கார்ந்தால் அந்தச் சிறு படகு ஒரு பக்கம் சாய வேண்டும். சாயவில்லை. தட்டு வைத்த மாதிரி சமமாக நின்றது.

மனைவி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துப் போயிட்டு வாங்க" என்றார்.

ஓட்டைக்காரர் தலையாட்டினார். துடுப்பை எடுக்குமுன், தன் காலடியில் இருந்த இரை டப்பாவின் மூடியைத் திறந்து, அதைப் பலகையின் இடது ஓரத்தில் எடுத்து வைத்தார்.