தரையில் ஒரு துளைகூட இல்லை

என் அக்கா பைண்டிங் கடை நடத்துகிறாள். ரசீதுப் புத்தகமோ பள்ளிப் பதிவேடோ, எது வந்தாலும் தைத்து, ஒட்டி, ஓரம் வெட்டித் தருவாள். ஓரம் வெட்டவென்றே ஓர் இரும்புக் கட்டிங் மெஷின் வைத்திருக்கிறாள். யானைக்குட்டி கனம். அது போனால் பிழைப்பே போச்சு.

அக்காவுக்குச் சுத்தப் பைத்தியம். சனிக்கிழமை சாயங்காலமானால், மெஷின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த மர ஆப்புகளைச் சுத்தியலால் தட்டி எடுப்பாள். மெஷினை உருட்டிவிட்டு, அடியில் சேர்ந்த காகிதச் சீவலைக் கூட்டுவாள்.

"போல்ட் போட்டுத் தரையில இறுக்கித் தொலையேன்க்கா" என்று பதினாறு வருடமாகக் கத்தினேன்.

"இறுக்கிட்டா அடியில யாரு கூட்டுறது? நீயா?" என்பாள். துடைப்பத்தைக் கண்டதும் நான் நழுவிவிடுவேன்.

போன வருடம், இடத்தை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்னார். அதே இடத்தில் அவர் மகன் பைண்டிங் கடை வைக்கப் போகிறானாம்.

"மெஷின் இங்கயே இருக்கட்டும்மா. வாடகைப் பத்திரத்தைப் பாருங்க, ஃபிக்சர் எல்லாம் கட்டடத்துக்குத்தான் சொந்தம்" என்றார், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குத் தெரிந்த ஃபிக்சர் பந்தய அட்டவணை ஒன்றுதான். நாங்கள் போய்ப் பார்த்த வக்கீலம்மாதான் விளக்கினார்.

"கடைத்தெருவுல கேட்டா லைட்டு, குழாயை ஃபிக்சர்னு சொல்லுவாங்க. சட்டத்துல, கட்டடத்தோட நிலையா பிணைச்ச எதுவும் ஃபிக்சர்தான். கனமா இருந்தா மட்டும் போதாது. எப்படிப் பிணைச்சிருக்கு, எதுக்காகன்னு பார்ப்பாங்க. ஆமா, போல்ட் போட்டிருக்கீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வழக்குப் போட்டோம். நேரில் பார்த்துவரக் கோர்ட் ஓர் ஆணையரை அனுப்பியது. கட்டடக்காரர் முந்திக்கொண்டார். "பதினாறு வருஷமா இங்கயே வேர் விட்டு நிக்குது சார். இதை யாரால அசைக்க முடியும்?"

அக்கா சுத்தியலை எடுத்து ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். தோளைக் கொடுத்து ஒரு தள்ளு. மெஷின் முனகிக்கொண்டே எதிர்ச்சுவர் வரை உருண்டது. அது நின்ற இடம் கண்ணாடியாகப் பளபளத்தது. ஆணையர் குனிந்து, தரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு துளைகூட இல்லையே!" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கட்டடக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

மெஷின் அக்காவுக்கே என்று தீர்ப்பு வந்தது. எடுத்துப் போகும் நாளில், சுவர் அலமாரியைக் காட்டிக் கட்டடக்காரர் கேட்டார்: "இதையும் உருட்டிக்கிட்டுப் போவீங்களோ?"

"அது நான் செஞ்சு மாட்டினதுதான். ஆனா சுவத்தைக் குடைஞ்சு இறுக்கியிருக்கேன். அது ஃபிக்சர். நீங்களே வச்சுக்குங்க" என்றாள் அக்கா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி கைதட்டினேன்.

புதுக் கடையில் முதல் சனிக்கிழமை வந்தது. அக்கா ஆப்பைத் தட்டினாள். துடைப்பத்தை நான் எடுத்தேன்.