கைமாறிய கப்பலின் கயிறு

எங்கள் தொழுவத்துச் சுவரில் ஒரே ஆணியில் இரண்டு கயிறுகள் தொங்குகின்றன. ஒன்று மாட்டுக்கயிறு. இன்னொன்று போர்க்கப்பலைக் கரையோடு சேர்த்துக் கட்டுகிற கயிற்றின் வெட்டுத்துண்டு, என் மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். இரண்டையும் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரர் கப்பற்படையில் இயந்திரப் பிரிவில் இருந்தார். கப்பல் கட்டிமுடித்துக் கடலுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு அந்த ஒரே கப்பல்தான். வானத்தில் விமானம் வந்தாலும் சுடும், தண்ணீருக்கடியில் நீர்மூழ்கி வந்தாலும் தேடிப்பிடிக்கும், ஹெலிகாப்டரையும் முதுகில் சுமக்கும், எல்லா வேலையையும் ஒரே கப்பல் பார்க்கும் என்று வாய் வலிக்கச் சொல்வார். நானும்தான் பார்த்தேன். போடியில் ஏலக்காய் குடோனில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு வெடித்த காயையும் கறுத்த காயையும் பொறுக்கினேன், வீட்டில் மாட்டைப் பார்த்தேன், மலைமேல் இருந்த எங்கள் துண்டு ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய்வந்தேன், மகளையும் பெற்றேன். அவள் பிறந்தபோது அவர் எந்தக் கடலில் இருந்தார் என்றுகூட எனக்குச் சொல்லக்கூடாதாம். குடோனில் என்னைக் 'கப்பக்காரி' என்பார்கள். கப்பலில் ஏறாமலே கிடைத்த பட்டம்.

தோட்டம், குடோன், பிள்ளை என்று அலைந்ததில் மாட்டுக்குப் புல் அறுக்க முடியவில்லை. தேவாரம் ஊர்க்காரர் ஒருவருக்கு அதை விற்றுவிட்டேன். எங்கள் பக்கம் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். கயிற்றோடு சேர்ந்து தொழுவத்து லட்சுமியும் போய்விடும் என்பார்கள். வாங்குகிறவர்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். அவரும் கொண்டுவந்தார். பழைய கயிற்றை அவிழ்த்து நான் ஆணியில் மாட்டினேன். ஆனால் மாட்டுக்கு அது புரியவில்லை. ஒருநாள் விடியும்போது அறுந்த புதுக்கயிற்றை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. அவ்வளவு தூரம் ரோட்டோடு நடந்தே வந்திருக்கிறது. நான்தான் அதைத் திரும்பப் பிடித்துக் கொடுத்தேன், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் அழுதேன். போனில் சொன்னபோது அவர் சிரித்தார். விற்றது விற்றதுதான், அதற்கு அந்த அறிவு வேண்டாமா என்றார்.

அதற்கடுத்த வருடம் அந்தக் கப்பலை நட்பு நாடு ஒன்றின் கப்பற்படைக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. இன்னும் எத்தனையோ வருடம் ஓடக்கூடிய கப்பலை இப்படித் தூக்கிக் கொடுக்கிறார்களே என்று போனில் புலம்பினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை மறைக்கவும் இல்லை. அவருக்கும் பணிக்காலம் முடிகிற நேரம்.

"கப்பலு கைமாறுன கையோட என் சோலியும் முடிஞ்சிரும். வந்து தோட்டத்தப் பாக்குறேன். நீ இனி மலையேற வேணாம்" என்றார்.

அந்த ஒரு பேச்சை நம்பி, தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். நம்பியதற்கு யாரை நோவது?

கைமாற்றிய சடங்கின் வீடியோவை அவர் பிறகு காட்டினார். நம் கொடியை இறக்கினார்கள், அவர்கள் கொடியை ஏற்றினார்கள். நம் ஆட்கள் வரிசையாக இறங்கினார்கள், அவர்கள் ஆட்கள் வரிசையாக ஏறினார்கள். இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லையாம். அவர் மட்டும், மாட்டுக்காரன் வீட்டுப் பிள்ளையல்லவா, கழித்துப்போட்ட கட்டுக்கயிற்றில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதை மாட்டுக்கயிற்றின் பக்கத்தில் மாட்டினார். எனக்கு அன்றைக்கு அது பிடித்துத்தான் இருந்தது. விற்றது விற்றதாக முடிந்தது என்று நினைத்தேன்.

தோட்டத்துக்கு அவர் போனது கொஞ்ச நாள்தான். ஏலச்செடித் தட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனைத்தான் பார்ப்பார். கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது, புது ஆட்கள் எண்ணெயைச் சரியாக மாற்றினார்களா என்பதே பேச்சு. சோற்றில் கை வைத்துக்கொண்டு அதையே பேசுவார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா, அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள். பெற்ற பிள்ளையைவிட அந்த இரும்பு பெரிதாகப் போயிற்றே என்று எனக்கு வயிறு எரியும்.

பிறகு அந்த நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. இயந்திரம் அறிந்த ஆள் வேண்டும், அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. தோட்டம் என்னாவது என்றேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். குத்தகை கேட்டவர் அதற்குள் வேறு தோட்டம் பிடித்துவிட்டார். அந்தக் கோடையில் தண்ணீர் விட ஆளில்லாமல் எங்கள் தட்டைகளில் பாதி காய்ந்து சாய்ந்தன.

புறப்படுகிற அன்று வாசலில் ஆட்டோ நின்றது. மதுரைக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். பையைத் தோளில் போட்டவர் தொழுவத்துக்குள் போய் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். தேவாரத்திலிருந்து நடந்து வந்த மாடு எனக்கு ஞாபகம் வந்தது. அதைக் கேட்டு இவர்தான் சிரித்தார்.

"கயித்த பத்திரமா வச்சிரு" என்றார்.

"வித்தவுகதான் கயித்த வச்சுக்கிருவாக. நான் ஒங்கள எப்ப வித்தேன்?" என்றேன்.

அவர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.