மாடியில் இருந்த பங்குதாரர்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய கட்டடத்தை வாங்கி வாடகைக்கு விட நினைத்தேன். விற்பவர் சிரித்துப் பேசி அட்வான்ஸ் கேட்டார். பத்திரம் பார்க்க அமர்த்திய வக்கீலம்மா, "கொஞ்சம் விசாரிக்கணும், அட்வான்ஸ் கொடுக்காதீங்க" என்றார். வேறு யாருக்கோ முடித்துக்கொடுக்கப் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

மறுநாள் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். கீழ்த்தளத்து அரிசிக் கடைக்காரரோடு வக்கீலம்மா சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், இங்கே தனியா பேரமா?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "பாய், வாடகை யாருக்குக் கொடுக்கறீங்கன்னு சார்கிட்ட சொல்லுங்க."

"மாடியில இருக்கிற சேச்சிக்குத்தான். விக்கறவரோட தங்கச்சி. பாதிப் பங்கு அவங்களோடதாச்சே" என்றார் கடைக்காரர். "விக்கப் போறது அவங்களுக்குத் தெரியாது."

அண்ணாந்து பார்த்தேன். ஒரு பெண் ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

வக்கீலிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்காக உழைத்தவரைச் சந்தேகித்த நான், சிரித்துப் பேசிய விற்பவரை ஏன் அப்படி நம்பினேன் என்பது இன்றும் புரியவில்லை.