மாமாவின் சென்ட்டும் என் கன்னடமும்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஆறு மாதம் ஒரு சென்ட் பாட்டிலைப் பற்றியே பேச்சாக இருந்தது. வேறு வீடுகளில் விலைவாசி, அரசியல், கிரிக்கெட் என்று பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்த அந்த இரண்டு அறை வீட்டில் மட்டும் வளர்ந்த ஆண்பிள்ளைகள் மூன்று பேர் காலையில் எழுந்ததிலிருந்து மணிக்கட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

பாட்டில் மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. குடியாத்தத்திலிருந்து வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். தரைக்குப் போடும் டைல்ஸ் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தார். துபாய்க்குப் போன நண்பன் ஒருவன் லீவில் வந்தபோது அந்த பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனான். சதுரமான பழுப்புக் கண்ணாடி, மரத்தில் செய்த மூடி. பெயரை ஆளுக்கு ஒரு விதமாக உச்சரித்தார்கள்.

முதலில் ஏலக்காயும் மிளகும் பட்டையுமாக மூக்கைத் துளைக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதெல்லாம் அடங்கி மர வாசனையாகிவிடும். இதுவரைக்கும் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். இதற்கு மேல்தான் சண்டை.

அப்பா தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒருநாள் அதை அடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். கூட வேலை செய்பவர்கள், வீட்டில் இன்றைக்கு பிரியாணியா என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து அது சென்ட்டே இல்லை, கறி மசாலா என்று அப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். எழுதியவர் பாட்டிலைத் தொடாமலாவது இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும்போது மாமா குளிக்கப் போகும் நேரம் பார்த்து இரண்டு தரம் அடித்துக்கொள்வார். எனக்கு இருக்கும் எரிச்சலில் அதைப் போட்டுக் கொடுத்துவிடலாமா என்றிருக்கும்.

சித்தப்பா எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த புதிது. பக்கத்துத் தெருவில் நண்பர்களோடு அறை எடுத்திருந்தாலும் காலையில் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து டிபன் சாப்பிடுவார். அப்படியே பாட்டிலையும் ஒரு கை பார்ப்பார். அவருடைய கட்சி வேறு. வெயிலில் அலைகிறவர்களுக்கு அது பொருந்தாது, ஏசி அறையில் உட்கார்ந்தால்தான் அதன் மரம் மெல்ல எழுந்து வரும், சாயங்காலம் நாலு மணிக்குமேல்தான் அதன் உண்மையான குணம் தெரியும் என்பார். வெயிலில் அலைகிறவர் என்றால் மாமா. மாமாவுக்குக் கோபம் வரும். அவருக்கோ அது அரைமணி நேரம்கூட நிற்பதில்லை என்பது குறை. நிற்கவில்லை, நிற்கவில்லை என்று புஸ் புஸ்ஸென்று இன்னும் நாலு தரம் அடித்துக்கொள்வார். அவர் மூக்குக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். தெருமுனையில் வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அம்மா மட்டும் அதை அடித்துக்கொள்ளாமலே அதோடு அல்லாடினாள். "ரெண்டு தரம் ஊறவெச்சுத் தொவச்சாலும் போக மாட்டேங்குது. குருமா தீயுதுன்னு அடுப்பாண்ட ஓடுறேன், பாத்தா இவன் வந்து நிக்கிறான்" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த வழக்கில் நடுவர் நான். சின்னப் பிள்ளைக்கு மூக்கு சுத்தமாக இருக்கும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு மணிக்கட்டு என் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். என்ன வாசனை சொல்லு என்று கேட்பார்கள். பென்சில் சீவின வாசனை என்று உள்ளதைச் சொன்னேன். மூன்று பேருக்குமே பிடிக்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். ஆனாலும் மறுநாள் மறுபடி மணிக்கட்டு வரும்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னதுதான் பொறுக்கவில்லை. ஏனென்றால் வாசனையைப் பற்றி அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை மானம் போய்க் கற்றுக்கொண்டிருந்தேன்.

எங்கள் கன்னட மிஸ் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து எழுந்து நின்று, "மிஸ், நிம்ம ஹூவு தும்ப வாசனெ" என்றேன். உங்கள் பூ ரொம்ப வாசனை என்று சொன்னதாக என் எண்ணம். வகுப்பே சிரித்தது. மிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. பூவுக்கு 'பரிமள' என்று சொல்ல வேண்டும், 'வாசனெ' என்று சும்மா சொன்னால் நாற்றமடிக்கிறது என்று ஆகிவிடும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பையன்கள் பொறுமையாக இல்லை. ஒரு மாதத்துக்கு என் பெயரே வாசனெ என்று ஆகிப்போனது. நான் உள்ளே வரும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. காய்கறி வண்டிக்காரரிடம் அப்பா, கொத்தமல்லி வாசனெ இருக்கிறதா என்று கேட்டபோது நடுத்தெருவில் நின்று அவரைத் திருத்தினேன். அம்மாவைத் திருத்தினேன். கன்னடத்திலே பிறந்து வளர்ந்தவள் போல எல்லோரையும் திருத்திக்கொண்டே இருந்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்து உலுக்கலாமா என்றிருக்கிறது.

எங்கள் வீட்டு ஓனர் மாடியில் குடியிருந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய பெண் டிகிரி முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் மாடி அக்கா என்று கூப்பிடுவேன். மாமாவுக்கு மாடி அக்காவைப் பிடிக்கும். இது வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்ச் எங்கள் பக்கம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மாமா வருவதற்கு முன்பெல்லாம் அதைப் போடச் சொன்னால் ஆளாளுக்கு முனகுவோம். மாமா வந்த பிறகு அவரே ஆறு மணிக்குள் ஓடி வந்து, சட்டை மாற்றி, சென்ட் அடித்துக்கொண்டு ஸ்விட்ச் போடப் போவார். தண்ணீர் மோட்டார் போட யாராவது சென்ட் அடித்துக்கொள்வார்களா? மேலே தொட்டி நிறைந்ததும் மாடி அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து, "சாக்கு, ஆஃப் மாடி" என்பாள். போதும், நிறுத்துங்கள் என்று அர்த்தம். மாமா "சாக்கா?" என்று ஒருமுறை கேட்பார். "சாக்கு" என்பாள். நான் பார்த்த வரையில் இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்த நேரத்தில் மாமாவின் கம்பெனி கோயம்புத்தூரில் புதிதாகக் கிளை திறந்தது. அங்கே போக இஷ்டமா என்று கேட்டு, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். பதவி உயர்வு என்பதால் அம்மாவுக்குச் சந்தோஷம். கையோடு ஊரில் பெண்ணும் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டாள். மாமா எதற்கும் பிடி கொடுக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, மாடி அக்கா உன்கிட்ட நல்லாப் பேசுது இல்ல? ஒண்ணு கேட்டுட்டு வரியா?"

"உங்களப் பத்தியா?"

"சீ, என்னப் பத்தி எல்லாம் கேக்காத. இந்த சென்ட் எப்படி இருக்குன்னு மட்டும் கேளு. நம்ம வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வெளி ஆள் சொன்னாத்தான் சரியாத் தெரியும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அக்கா நல்லபடியாகச் சொன்னால் கோயம்புத்தூர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவை மாடிக்கு அனுப்பிப் பேசச் சொல்லலாம் என்று அவர் நினைத்திருந்தார். இதை அவரே என்னிடம் சொன்னார், யாரிடமும் சொல்லாதே என்ற எச்சரிக்கையோடு. ஒரு சென்ட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத்தான் விளங்கவில்லை. பெரியவர்கள் சமாசாரம் எல்லாமே அப்படித்தானே என்று விட்டுவிட்டேன்.

மாடி அக்கா மேலே காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் மாமா அடித்துக்கொள்ளும் சென்ட் எப்படி இருக்கிறது என்று என்னுடைய திருத்தமான கன்னடத்தில் கேட்டேன். கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். பிறகு, "அவரு பரோக்கெ முஞ்சே அவர வாசனெ பருத்தெ" என்றாள். அவர் வருவதற்கு முன்னாலேயே அவருடைய வாசனை வந்துவிடுகிறது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தத் துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நான் கீழே இறங்கி வந்தேன்.

மாமா கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வாசனைன்னா சொல்லிச்சு? அந்த வார்த்தையேவா?"

அந்த மலர்ச்சியைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இத்தனை மாதம் எல்லோரையும் திருத்தியும் இவருக்கு இன்னும் இது புரியவில்லையே என்று ஆத்திரம் வந்தது.

"ஐயோ மாமா, அது தமிழ் வாசனை இல்ல. கன்னடத்துல வாசனென்னா நாத்தம். எங்க மிஸ்ஸே சொல்லியிருக்காங்க. நல்ல வாசனைன்னா பரிமளன்னு சொல்லியிருப்பாங்க. அக்கா துண்டால மூக்க வேற மூடிக்கிட்டாங்க."

"மூடிக்கிச்சா?"

"ஆமா. சிரிச்சுக்கிட்டே."

மாமா தலையை ஆட்டினார். ஏற்கெனவே பாலிஷ் போட்டு முடித்திருந்த ஷூவையே மறுபடி எடுத்துத் தேய்த்தார். பிறகு, "சரி பாப்பா, நீ போய்ப் படி" என்றார். ஒரு தடவையாவது என் கன்னடத்தை வீட்டில் ஒருவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் மோட்டார் போட அப்பாதான் போனார், முனகிக்கொண்டே. பாட்டில் சித்தப்பாவின் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை மாமா கோயம்புத்தூருக்குச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். அம்மா உடனே ஊருக்குக் கடிதம் எழுதினாள். வீட்டில் மணிக்கட்டு நீட்டுவார் இல்லை, குருமா குருமாவாக மணத்தது, நான் நிம்மதியாக வீட்டுப்பாடம் எழுதினேன். இவ்வளவு பெரிய தொல்லையை ஒரே கேள்வியில் தீர்த்து வைத்தது நான்தான் என்று யாருக்கும் தெரியாமல் போனதில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது மாடி அக்கா படியில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு படி இறங்கி வந்தாள்.

"நிம்ம மாமா ஊரல்லி இல்வா? ஈகீக வாசனெனே பரல்வல்லா" என்றாள்.

மாமா ஊரில் இல்லையா, இப்போதெல்லாம் வாசனையே வருவதில்லையே என்று கேட்கிறாள். சந்தோஷமாக விவரம் சொன்னேன். நீங்கள் நாறுகிறது என்று சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டேன், அதனால் அவர் சென்ட்டைச் சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டார், இனிமேல் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது, ஞாயிற்றுக்கிழமை அவரே கோயம்புத்தூருக்குப் போய்விடுகிறார் என்றேன். கன்னடத்தில் ஒரு பிழைகூட இல்லை.

"நானு ஹாகெ அந்த்னா?" என்றாள். நான் அப்படியா சொன்னேன் என்று.

"நீவே ஹேளித்ரல்லா அக்கா" என்றேன். நீங்கள்தானே சொன்னீர்கள்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேலேயிருந்து அவளுடைய அம்மா கூப்பிட்டாள். அவள் திரும்பிப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் நன்றி சொல்வாள் என்று சிறிது நேரம் நின்று பார்த்தேன். சொல்லவில்லை. உதவி செய்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே என்று எரிச்சலோடு வீட்டுக்குள் போனேன்.

மாமா அன்று சீக்கிரமே வந்துவிட்டார். சுவரோரம் உட்கார்ந்து பெட்டியில் துணிகளை அடுக்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். பள்ளியில் அன்றைக்கு நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கணக்கு மிஸ் வராதது, மழை வந்து விளையாட்டு நின்றுபோனது, எல்லாம் சொன்னேன். மாடி அக்கா படியில் நின்று அவரைப் பற்றி விசாரித்ததை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. அதில் சொல்லும்படியாக ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.